கதவைத் தட்டும் பண்டிகை

அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன், தேங்க்ஸ்கிவிங் அன்று மதியம் எங்கள் தெருவில் ஒரு ஆளைப் பார்க்க முடியாது. வீட்டு வாசல்களில் வெளியூர் கார்கள் நிற்கும். உள்ளே தாத்தா பாட்டி, அத்தை மாமா என்று குடும்பம் கூடியிருக்கும். கிறிஸ்துமஸும் அப்படித்தான். ஜன்னலில் விளக்கு மினுக்கும், கதவு சாத்தியிருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை, பண்டிகை என்றால் சொந்தபந்தத்தோடு இருக்கத்தான் தோன்றும். ஆனால் சொந்தமெல்லாம் கடல் தாண்டி இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த இரண்டு நாளும் நகராமல் கிடக்கும்.

எனக்கு ஹாலோவீன் மேல் இத்தனை பிரியம் வந்ததற்குக் காரணம் இதுதான். ஹாலோவீன் வருகிற அக்டோபர் 31 அரசு விடுமுறை நாள் கிடையாது. பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வருவதை எந்தச் சபையும் எந்த அரசாங்கமும் நடத்துவதில்லை. தெருவில் நாலு பேர் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தால்தான் பண்டிகை, இல்லாவிட்டால் இல்லை. அக்கம்பக்கத்தை மட்டுமே நம்பி நடக்கிற இன்னொரு பண்டிகையை நான் இந்த நாட்டில் பார்த்ததில்லை.

2025இல் அது வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டது. கும்பகோணத்திலிருந்து அம்மாவும் வந்திருந்தார். சிகாகோவுக்கு மேற்கே, டூபேஜ் கவுண்டியில் இருக்கிறோம். முந்தின வருஷம் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தபோது அம்மா ஊரில் இருந்தார். ஒரே வாசல்படியில் அகல்விளக்கும் பூசணியும் வைத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷம் நான் வந்து பாக்கறேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னபடி வந்துவிட்டார்.

முதலில் பூசணி. இல்லினாய்தான் அமெரிக்காவில் அதிகமாகப் பூசணி விளைகிற மாநிலம். எங்களுக்குத் தெற்கே மோர்ட்டன் என்ற ஊர், உலகப் பூசணித் தலைநகர் என்று தன்னையே அழைத்துக்கொள்ளும். ஆனால் அங்கே டப்பாவில் அடைபடுகிற பூசணி வேறு ரகம். தோல் வெளிறி, சதை கெட்டியாக, இனிப்பாக இருக்கும். வாசலில் முகம் செதுக்கி வைக்கிற ஆரஞ்சு நிறப் பூசணிக்கு உள்ளே நார், நீர்ச்சத்து அதிகம். அம்மா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல புளிக்குழம்பு வச்சா விளங்காது, விதையை மட்டும் எடு" என்று முடிவு சொல்லிவிட்டார். விதையை அலசி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஓவனில் வறுத்தோம். ஒரே மாலையில் காலி.

என் மகள் கண்ணும் மூக்கும் கோணல் பல்லும் செதுக்கி உள்ளே விளக்கு வைத்ததும் அம்மாவுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. "திருஷ்டிப் பூசணிக்கா. நம்மூர்ல மேல கட்டுவோம், இவங்க கீழ வைக்கிறாங்க." அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் ‘சாவின்’ (Samhain) என்ற பழைய பண்டிகை இரவில் இறந்தவர்களும் ஆவிகளும் உலவுவார்கள் என்ற பழைய நம்பிக்கை அங்கே இருந்தது. அடுத்த நாளான நவம்பர் 1, கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர் திருநாள் ஆனது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் தப்பிக் கப்பலேறிய ஐரிஷ்காரர்கள் இந்த வழக்கங்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே பூசணி மலிவு, பெரியது, குடைவதும் சுலபம். கிழங்கு போய்ப் பூசணி வந்தது.

சரி, மிட்டாய். சிகாகோ மிட்டாய்க்குப் பேர்போன ஊர். ஸ்னிக்கர்ஸ் 1930இல் இங்கேதான் பிறந்தது. டூட்ஸி ரோல் கம்பெனியும் இங்கேதான் இருக்கிறது. நாங்கள் வாங்குவது குட்டி சைஸ் சாக்லேட்டுகள் கலந்த பெரிய பைகள். கூடவே பென்சில், ஸ்டிக்கர், சின்னப் பந்து கொஞ்சம். வேர்க்கடலை, பால், முட்டை என்று ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேராவது இருக்கிறார்கள். சாப்பிட முடியாததை வீடுவீடாக வாங்கிக்கொண்டு நடக்கிற குழந்தையின் முகம் எனக்குத் தெரியும், அப்படி ஒருவன் என் மகனின் தோழன். அதனால் நீலப்பச்சையில் சாயம் பூசிய பூசணி ஒன்றையும் வாசலில் வைப்போம். இந்த வீட்டில் தின்பண்டம் இல்லாத பரிசும் கிடைக்கும் என்று அதற்கு அர்த்தம். டென்னஸியில் ஒரு தாய் தொடங்கி, 2014இல் உணவு ஒவ்வாமைக்கான அமைப்பு ஒன்று நாடு முழுக்கப் பரப்பிய வழக்கம். அந்தப் பையன் எங்கள் வாசலில் நின்று வெகுநேரம் யோசித்து ஒரு பச்சைப் பந்தைத் தேர்ந்தெடுத்தான். அந்தச் சாயத்துக்குக் கொடுத்த காசு அப்போதே திரும்பிவிட்டது.

வெள்ளி மாலை ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறைந்தது. 2007க்கு முன்பு கடிகாரத்தைப் பின்னால் திருப்புவது அக்டோபர் கடைசி ஞாயிறாக இருந்தது, ஹாலோவீன் அன்று ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். 2005இல் நிறைவேறிய எரிசக்திச் சட்டம் அதை நவம்பர் முதல் ஞாயிறுக்குத் தள்ளியது. மிட்டாய்க் கம்பெனிகள் இந்த ஒரு மணி நேரத்துக்காக வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்தன. லாபம் யாருக்கு வந்தாலும் சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வெளிச்சம் நல்லது. தத்தித் தத்தி நடக்கிற குட்டித் தேனீக்களும் டைனோசர்களும் முதலில் வருவார்கள், இருட்டியபின் பெரிய பிள்ளைகள். அந்த வருஷம் வந்த ‘கேபாப் டீமன் ஹண்டர்ஸ்’ படத்து நாயகி போல நீண்ட ஊதாப் பின்னல் போட்ட பெண்பிள்ளைகள் தெரு முழுக்க. என் மகளும் அதில் ஒருத்தி. மகன் தீயணைப்பு வீரன். சிகாகோப் பக்கத்தில் வேஷம் என்றால் குளிர்கோட்டுக்கு மேலே போடும் அளவில்தான் வாங்க வேண்டும். 2019இல் ஹாலோவீன் அன்றே மூன்று அங்குலத்துக்கு மேல் பனி கொட்டியது, இளவரசிகள் எல்லாரும் பூட்ஸ் போட்டு நடந்தார்கள். இந்தத் தடவை வெறும் காற்றுதான்.

என் கணவர் பிள்ளைகளோடு போனார், நானும் அம்மாவும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் தயக்கம். "ஏண்டி, யாரு வந்தாலும் குடுக்கணுமா? தெரியாத பிள்ளைங்க வந்தா?" வந்தாலும் கொடுக்கணும்மா, கேட்கிற எல்லாருக்கும், ஆளுக்கு ஒன்று என்றேன். அதுதான் அவருக்கு ஒத்துவரவில்லை. "வீடு தேடி வந்த பிள்ளைக்கு ஒண்ணா குடுப்பாங்க?" என்று கைநிறைய அள்ளிப் போட ஆரம்பித்தார். "வாங்க வாங்க, என்ன வேஷம் இது, சிங்கமா?" என்று தமிழிலேயே கேட்டார். சிங்கமும் தமிழ் புரிந்ததுபோல் உறுமியது. ஏழு மணிக்கு எங்கள் இரண்டு பைகளும் தீர்ந்துபோயின. விளக்கை அணைத்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தபோது, பக்கத்து வீட்டுப் போலந்துப் பாட்டி புல்வெளியைக் கடந்து வந்து, பிரிக்காத பை ஒன்றை அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி ஒரு பத்து வார்த்தை தேறாது. அதற்குப்பின் இருவரும் ஒரே வாசலில் உட்கார்ந்துதான் கொடுத்தார்கள்.

எதிர் வரிசையில் ஒரு வீட்டின் டிரைவ்வேயில் நெருப்புத் தொட்டி மூட்டி, பெரிய பாத்திரத்தில் சூடான ஆப்பிள் சைடர் வைத்திருந்தார்கள். கராஜுக்குள் டிவி. உலகத் தொடர் பேஸ்பாலின் ஆறாவது ஆட்டம், டொராண்டோவில், டாட்ஜர்ஸும் ப்ளூ ஜேஸும். எங்கள் தெருவில் இரண்டு அணிக்கும் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை, ஆனாலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. குடிவந்த புதிதில் யார் பெயரும் எனக்குத் தெரியாது. இப்போது எந்த வீட்டுப் பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான், யாருக்கு முழங்கால் ஆபரேஷன், யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது எல்லாம் தெரியும். இதில் பெரும்பாதி ஹாலோவீன் இரவுகளில், அந்த நெருப்புத் தொட்டியைச் சுற்றி நின்று தெரிந்துகொண்டது. வருஷத்தில் மற்ற நாட்களில் கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். ஆளுக்கு ஆள் கையசைப்பதோடு சரி.

இந்தப் பண்டிகை எப்போதும் இவ்வளவு சாதுவாக இருக்கவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு ஹாலோவீன் என்றாலே வாலிபப் பையன்களின் அட்டகாசம். வேலிக் கதவைக் கழற்றி எங்காவது போடுவது, ஜன்னலில் சோப்பு தேய்ப்பது, வண்டியைக் கூரைமேல் ஏற்றுவது. மின்னசோட்டாவில் அனோகா என்ற ஊரில் மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கடைவீதியில் அலையவிட்டார்கள். ஊர்க்காரர்கள் தடியெடுக்கவில்லை, 1920இல் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய ஊர்வலம் நடத்தினார்கள், இன்றும் நடத்துகிறார்கள். ‘டிரிக் ஆர் ட்ரீட்’, அதாவது தின்பண்டம் கொடு, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம் என்ற மிரட்டலும் அந்தக் காலத்தது, கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1927ஆம் வருஷப் பத்திரிகைச் செய்தி ஒன்றில் வருகிறது. இரண்டாம் உலகப்போரில் சர்க்கரைக்கு ரேஷன், மிட்டாய் இல்லை. போர் முடிந்து, ரேஷன் போய், புறநகர்த் தெருக்கள் எழுந்தபோது வீடுவீடாய்ப் போகிற வழக்கம் நாடு முழுக்க நிலைத்தது. தண்டனை கொடுக்காமல் தின்பண்டம் கொடுத்துப் பிள்ளைகளை வசப்படுத்திய அந்தப் பழைய அக்கம்பக்கத்தாரை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது.

போலந்துப் பாட்டியிடம் 1982 பற்றி அன்றிரவு கேட்டேன். அந்த வருஷம் செப்டம்பர் இறுதியில் இந்தப் பகுதியில்தான் டைலனால் என்ற வலி மாத்திரையின் குப்பிகளில் யாரோ சயனைடு கலந்தார்கள். ஏழு பேர் இறந்தார்கள். முதலில் இறந்தது எல்க் குரோவ் வில்லேஜில் பன்னிரண்டு வயதுச் சிறுமி. கொன்றது யார் என்று இன்றுவரை நிரூபணமாகவில்லை. கடையில் வாங்குகிற மருந்துப் பாட்டிலின் மூடிக்குள் இப்போது ஒரு சீல் இருக்கிறதே, அது அதற்கப்புறம் வந்தது. அடுத்த மாதமே ஹாலோவீன். யார் வீட்டு மிட்டாயையும் யாரும் நம்பத் தயாரில்லை. பல ஊர்களில் பிள்ளைகளை அனுப்பவேண்டாம் என்றார்கள். பாட்டி தன் பிள்ளைகளையும் தெருப்பிள்ளைகளையும் வீட்டு பேஸ்மென்ட்டில் கூட்டி விளையாட்டுக் காட்டியதாகச் சொன்னார். மறுவருஷம் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றாராம். வந்தார்கள். மொத்தம் ஆறு குழந்தைகள் என்று இன்னும் நினைவு வைத்திருக்கிறார்.

மிட்டாயில் விஷம் என்ற பயம் இன்றும் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைப் பல வருஷம் தோண்டிப் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்த ஹாலோவீன் மிட்டாயால் ஒரு குழந்தை இறந்ததாகவோ கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகவோ உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974இல் டெக்சஸில் ஒரு சிறுவன் சயனைடு கலந்த மிட்டாய் தின்று இறந்தான், கொடுத்தது அவனுடைய சொந்த அப்பா, இன்ஷூரன்ஸ் பணத்துக்காக. பிள்ளைகள் கொண்டுவருவதை நானும் ஒருமுறை கொட்டிப் பார்ப்பேன், பிரிந்த உறை இருந்தால் எடுத்துப் போடுவேன். ஆனால் இந்தத் தெருவைச் சந்தேகப்பட்டு அல்ல. இருட்டில் கார் ஓட்டுகிறவர்கள்தான் உண்மையான ஆபத்து. அதனால் பிள்ளைகள் கையில் ஒளிரும் குச்சியும், வேஷத்தின் முதுகில் மின்னுகிற பட்டையும் இருந்தே ஆகவேண்டும்.

2025 இலையுதிர்காலத்தில் சிகாகோவில் வேறொரு பயமும் இருந்தது. செப்டம்பரிலிருந்து மத்திய அரசின் குடியேற்றத் துறை நகரிலும் புறநகரிலும் ஆட்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹாலோவீன் வாரக்கடைசிக்காவது நிறுத்திவையுங்கள், பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கட்டும் என்று ஆளுநர் பிரிட்ஸ்கர் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பல தெருக்களில் பெரியவர்கள் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு முனைகளில் நின்றார்கள், அதிகாரிகளின் வண்டி தெரிந்தால் ஊதுவதற்காக. எங்கள் தெரு அமைதியாகவே இருந்தது. ஆனாலும் பின்வரிசையிலிருந்து வழக்கமாக வருகிற ஒரு குடும்பத்தைக் காணவில்லை. எதிர் வீட்டு மெக்சிகக் குடும்பத்து அக்கா ஒரு பையில் எல்லார் வீட்டு மிட்டாயையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தானே எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிள்ளைகள் வரமுடியாவிட்டால் மிட்டாய் போகட்டும் என்றார். எத்தனையோ வருஷமாய்ப் பார்த்த ஹாலோவீன்களில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான், அதை நினைக்கும்போதே கோபமும் வருகிறது.

மறுநாள் சனிக்கிழமை, நவம்பர் 1. நாங்கள் ஓய்வு என்று நினைத்த நாள், போலந்துப் பாட்டிக்கு வருஷத்தின் பெரிய நாள். சகல புனிதர் திருநாளில் போலந்துக்காரர்கள் குடும்பத்தோடு கல்லறைக்குப் போய், சமாதியைத் துடைத்து, பூ வைத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சிகாகோவில் போலந்துக்காரர்கள் ஏராளம், அதனால் நைல்ஸ் பக்கத்துக் கல்லறைகளில் அன்று கார் நிறுத்த இடம் கிடைக்காது. பாட்டிக்கு இப்போது தனியாக அவ்வளவு தூரம் ஓட்ட முடியவில்லை, நான் அழைத்துப்போனேன். அம்மாவும் வருகிறேன் என்றார். பாட்டி தன் கணவர் சமாதியில் காய்ந்த இலைகளைக் கையாலேயே கூட்டித் தள்ளினார். அம்மா கேட்காமலே குனிந்து கூடவே அள்ளினார். திரும்பி வரும் வழியில் அம்மா மகாளய அமாவாசை பற்றிச் சொல்லச்சொல்ல நான் மொழிபெயர்த்தேன். எள்ளும் தண்ணியும், காக்கைக்குச் சோறும். பாட்டி எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, காக்கை வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அம்மா, "வர்ற வரைக்கும் கூப்பிடுவோம்" என்றார்.

அன்று மாலை தெருவில் ஒரு வீட்டு வாசலில் அட்டைப்பெட்டி வைத்திருந்தார்கள். பட்ஜெட் நிறைவேறாமல் மத்திய அரசு முடங்கிக் கிடந்ததால் ஏழைக் குடும்பங்களுக்கான உணவு உதவித் தொகை அன்றிலிருந்து நின்றுபோனது. டப்பா பீன்ஸ், அரிசி, பாஸ்தா என்று பெட்டி நிறைய நிறைய மாற்றி வைத்தோம். எல்லாம் உள்ளூர் உணவு வங்கிக்குப் போனது.

ஞாயிறு காலை கடிகாரம் ஒரு மணி பின்னால் போனது, பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை, ஐந்தரைக்கே எழுந்து மிட்டாய் எண்ண உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் ஒரு ஒப்பந்தம் உண்டு. பிடித்ததை ஆளுக்கு ஒரு டப்பா எடுத்து வைத்துக்கொள்ளலாம், மீதி அப்பாவின் ஆபீசுக்கு. பிறகு பேரம் தொடங்கும். இரண்டு கிட் கேட்டுக்கு ஒரு ரீஸஸ். கேண்டி கார்னை யாரும் சீந்துவதில்லை, அது நேராக எனக்கு வந்துவிடும், எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

மதியம் எதிர் வீட்டு அக்கா எங்களைக் கூப்பிட்டிருந்தார். நவம்பர் 2, இறந்தோர் நாள். கூடத்தில் படிப்படியாக மேடை கட்டி, மேலே மூதாதையர் படங்கள், மெழுகுவத்தி, எலும்பு வடிவம் வைத்துச் சுட்ட இனிப்பு ரொட்டி, ஒரு டம்ளர் தண்ணீர், தாத்தாவுக்குப் பிடித்த சோடா. தரையெங்கும் ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி இதழ்கள், வாசலிலிருந்து மேடைவரை. இறந்தவர்கள் வாசனை பிடித்து வழி கண்டுபிடித்து வருவார்களாம். அம்மா ஒரு பூவை எடுத்து முகர்ந்து, "நம்மூர்ப் பூவால்ல இருக்கு" என்றார். உண்மையில் செண்டுமல்லியின் தாய்நாடு மெக்சிகோதான். அங்கிருந்து வந்துதான் நம் ஆயுதபூஜை மாலைகளில் ஏறியது. அதைச் சொன்னபோது இரண்டு பேருக்குமே சந்தோஷம். சிகாகோவின் பில்சன் பகுதியில் இருக்கிற தேசிய மெக்சிகக் கலை அருங்காட்சியகத்தில் 1987 முதல் வருஷாவருஷம் இந்த நாளுக்காகக் கண்காட்சி வைக்கிறார்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒருதடவையாவது பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள், அனுமதி இலவசம். அக்கா அம்மாவிடம் அப்பாவின் படம் இருக்கிறதா என்று கேட்டார். அம்மா பர்ஸிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் இரண்டாவது படியில் வைத்துவிட்டு, அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். காபி என்றதும் உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்தார்.

பூசணிகளைக் குப்பையில் போடவில்லை. குப்பைமேட்டில் மக்கினால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும். எங்கள் கவுண்டியில் ஸ்கார்ஸ் என்ற தொண்டு அமைப்பு 2014இல் பூசணி உடைக்கும் நாளை ஆரம்பித்தது, ஹாலோவீனுக்கு அப்புறம் பல ஊர்களில் அதை நடத்துகிறார்கள். உயரத்திலிருந்து போட்டு உடைக்கலாம், சில இடங்களில் கவண் வைத்தும் எறியலாம், எல்லாம் கடைசியில் உரமாகும். மெழுகுவத்தி, பெயின்ட், பேட்டரி விளக்கு எதுவும் அதில் இருக்கக்கூடாது, அது மட்டும் கவனம். எங்கள் நீலப்பச்சைப் பூசணி சாயம் பூசியது என்பதால் உரத்துக்கு ஆகாது. அடுத்த வருஷம் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கி நிரந்தரமாய் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம்.

2026இல் ஹாலோவீன் சனிக்கிழமை வருகிறது, அதற்கு எட்டாம் நாள் தீபாவளி. ஊராட்சியில் அனுமதி வாங்கித் தெருவின் இரண்டு முனையையும் மாலை நாலு மணியிலிருந்து அடைத்துவிடலாம் என்று நெருப்புத் தொட்டி வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். எதிர் வீட்டு அக்கா டமாலே என்ற சோளமாவுப் பலகாரம், போலந்துப் பாட்டி சூப், எங்கள் வீட்டிலிருந்து மெதுவடை என்று பிரித்துக்கொண்டாயிற்று. அம்மா விசா விஷயத்தை இப்போதே விசாரிக்கச் சொல்கிறார்.